எச்.ஐ.வி விழிப்புணர்வுச் சுவரொட்டி: யாழ்ப்பாணத்துச் சுவருக்கு ஏற்றபடி செய்வது எப்படி?

டிசம்பர் முதலாம் திகதி காலையில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? மாரி மழை விடாமல் பெய்யும் காலம். முதல் நாள் இரவு ஒட்டிய எயிட்ஸ் தினச் சுவரொட்டி ஒரு மூலை கழன்று தொங்கும். அதற்கு இடப்பக்கம் உயர்தர இரசாயனவியல் ரியூசன் விளம்பரம், வலப்பக்கம் யாரோ ஓர் ஐயாவின் கண்ணீர் அஞ்சலி. நடுவில் நாங்கள் ஒட்டியது: கறுப்புப் பின்னணி, மண்டையோடு, சிவப்பு எழுத்தில் "உயிர்க்கொல்லி நோய்". றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் ஒரு மரண அறிவித்தல் மாதிரித்தான் இருக்கும்.

சில வருடங்களாக மாணவர் குழுக்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் இப்படியான சுவரொட்டிகள் செய்ய உதவி வருகிறேன். ஒருமுறை ஒரு தம்பி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "அண்ணை, உந்தப் போஸ்டரைக் கண்டால் நான் மற்ற றோட்டால சுத்திப் போறனான்." அவனுக்கு ஒரு பரிசோதனை செய்ய வேண்டிய தேவை இருந்தது. கிளினிக் வாசலுக்குப் போக அவனுக்கு ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதத்தில் எங்கள் சுவரொட்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை. இந்த வழிகாட்டியை அவனைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பயந்துபோய் நிற்பவரின் கையைப் பிடித்துக் கிளினிக் வாசல் வரை கூட்டிக்கொண்டு போவதுதான் சுவரொட்டியின் வேலை.

முதலாம் படி: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"பொதுமக்களுக்கு" என்று சொல்லாதீர்கள். பொதுமக்கள் என்று ஒருவர் சுவருக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. கைபேசியைப் பார்த்தபடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கம்பஸ் பெடியன் நிற்கிறான். கர்ப்பிணி கிளினிக்குக்கு வந்த தங்கச்சி நிற்கிறா. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போகிறவர் நிற்கிறார். ஏற்கெனவே எச்.ஐ.வியுடன் வாழ்ந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் அந்த வழியால் வேலைக்குப் போகிற ஒருவரும் நிற்கிறார். இந்தக் கடைசி ஆளைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவர் வாசிப்பார்.

இலங்கை எச்.ஐ.வி மிகக் குறைவாகப் பரவியிருக்கும் நாடு. ஆனால் அண்மைய ஆண்டுகளில் புதிதாகக் கண்டறியப்படுவோரின் தொகை கூடியிருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதனால் உங்கள் முதல் சுவரொட்டி இளம் ஆண்களுக்கானதாக இருப்பது நல்லது. ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்களுக்கு இங்கே இரட்டைப் பயம்: ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்று, அப்படியான உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு மற்றொன்று. அவர்களைச் சுட்டிக்காட்டாமல், அதே நேரம் அவர்களை ஒதுக்காமல் எழுத முடியும். "மனைவிக்கு உண்மையாக இருங்கள்" என்று போட்டால் அவர்கள் "இது எனக்கில்லை" என்று போய்விடுவார்கள். "ஆணுறை இல்லாமல் உறவு வைத்திருந்தால்" என்று போட்டால் அது எல்லோருக்கும் பொருந்தும்.

ஒரு சுவரொட்டி, ஓர் ஆள். நான்கு பேருக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான்கு சுவரொட்டி செய்யுங்கள்.

இரண்டாம் படி: விஷயத்தைச் சரியாகப் படியுங்கள்

படம் கீறுவதற்கு முன் குழுவில் எல்லோரும் ஒரு பின்னேரம் இருந்து அடிப்படைகளைப் பேசிக்கொள்ள வேண்டும். நான் பார்த்த பிழையான சுவரொட்டிகளில் முக்கால்வாசி இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவை.

எச்.ஐ.வி ஒரு வைரசு. அது உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாங்கி நிற்கும் சிடி4 என்ற வெள்ளை அணுக்களைத் தாக்கும். எயிட்ஸ் என்பது சிகிச்சை எடுக்காமல் விட்டால் பல வருடங்கள் கழித்து வரக்கூடிய பிந்திய நிலை. இரண்டும் ஒன்றல்ல. "எயிட்ஸ் கிருமி", "எயிட்ஸ் பரிசோதனை" என்று எழுதினால், பரிசோதிக்க நினைப்பவர் தனக்குச் சாவு வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைப்பார். செய்வது எச்.ஐ.வி பரிசோதனை. அப்படியே எழுதுங்கள்.

பரவும் வழிகள் கொஞ்சம்தான்: ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு. நுளம்பால் வராது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வராது. ஒரே மலசலகூடத்தால் வராது. கட்டிப்பிடித்து அழுதாலும் வராது.

இதற்கு மேல், பத்து வருடத்துக்கு முந்திய சுவரொட்டிகளில் இல்லாத, இன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

தினமும் எடுக்கும் குளிசையால் எச்.ஐ.வியை அடக்கி வைக்கலாம். ஒழுங்காக எடுத்து வந்தால், பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரசின் அளவு சோதனையில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்கு எச்.ஐ.வி பரவாது. ஆயிரக்கணக்கான சோடிகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகள் காட்டிய முடிவு இது. அவர்கள் கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், வயது போகும்வரை வாழலாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எங்கள் ஊர்ச் சுவரில் ஒழுங்காக எழுதினால், மண்டையோடுகள் செய்த கெடுதலில் பாதியைச் சரிக்கட்டலாம் என்று நம்புகிறேன்.

ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்குப் போனால், தொற்றைத் தடுக்க 28 நாளைக்கு மருந்து தர முடியும். எவ்வளவு முந்திப் போகிறாரோ அவ்வளவு நல்லது. ஆணுறை கிழிந்தவருக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும், தவறுதலாகத் தன் கையில் ஊசி குத்திக்கொண்ட தாதிக்கும் இந்தத் தகவல் வாழ்க்கையையே மாற்றும். எங்கள் பக்கத்துச் சுவரொட்டிகளில் இதை நான் கண்டதே குறைவு.

பரிசோதனை அடுத்த நாளே சரியான பதில் தராது. ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய வகைப் பரிசோதனை பெரும்பாலும் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் வரை எடுக்கலாம். குழுவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் சுவரொட்டியில் போட வேண்டாம். நாள்களை எண்ணிக் குழம்பி, "இன்னும் ரெண்டு கிழமை பொறுப்பம்" என்று தள்ளிப்போடுவார்கள். எப்போது சோதிக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கில் சொல்லட்டும்.

இன்னுமொன்று, சந்தோசமான செய்தி. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசு என்ற பாலியல் நோயும் பரவுவதை இல்லாமலாக்கிய நாடு என்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனைதான் அதற்கு அடித்தளம். ஊருக்கு ஊர் வீடு வீடாகப் போன குடும்ப நல உத்தியோகத்தர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. கர்ப்பிணி கிளினிக்குகளுக்குச் சுவரொட்டி செய்பவர்கள் இதைச் சொல்லலாமே. "நாங்கள் சாதித்தோம்" என்று சொல்லும் சுவரொட்டியை யாரும் பார்க்காமல் போவதில்லை.

மூன்றாம் படி: பழைய சுவரொட்டிகளைப் பாருங்கள்

இதற்கு அதிக நேரம் தேவையில்லை, ஆனால் பயன் உண்டு. 1987இல் நியூயோர்க்கில் சிலர் சேர்ந்து கறுப்புத் தாளில் ஓர் இளஞ்சிவப்பு முக்கோணமும் "மௌனம் = மரணம்" என்ற இரண்டு சொல்லும் பெரிதாகப் போட்டுச் சுவரெங்கும் ஒட்டினார்கள். நாற்பது வருடம் ஆகப்போகிறது, இன்றும் அது பேசப்படுகிறது. சொல் குறைந்தால் சுவரொட்டிக்கு வலு கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதே வருடம் பிரித்தானிய அரசு கல்லறைப் படத்தோடு பெரிய பிரசாரம் செய்தது. அவுஸ்திரேலியாவில் யமனைப் போன்ற ஓர் உருவம் மனிதர்களைப் பந்தெறிந்து வீழ்த்துவதாக விளம்பரம் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் பயந்தார்கள். ஆனால் நோயோடு வாழ்ந்தவர்களையே யமனாகப் பார்க்கும் மனநிலையை அது வளர்த்தது என்று பின்னாளில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

தமிழில் மறக்க முடியாதது தமிழ்நாட்டில் 2000களின் தொடக்கத்தில் வந்த "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற பிரசாரம். ஒரு கேள்வியைச் சுவரில் போட்டு ஊரையே பேச வைத்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணம் மாதிரிச் சின்ன ஊரில் ஒரு பெயரைப் போட்டால், அடுத்த நாளே அந்தப் பெயருள்ள பிள்ளையை வகுப்பில் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: சொற்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் எதை நீக்க வேண்டும் என்று பார்ப்போம்.

"உயிர்க்கொல்லி", "ஆட்கொல்லி": இந்தச் சொற்கள் தமிழில் எயிட்ஸோடு ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஆகிவிட்டன. சிகிச்சை இல்லாத காலத்தில் வந்தவை. இன்று அவை பொய். எடுத்துவிடுங்கள்.

"எயிட்ஸ் நோயாளி": "எச்.ஐ.வியுடன் வாழ்பவர்" என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் வாசிப்பவர் அந்த "வாழ்பவர்" என்ற சொல்லில் ஒரு கணம் நிற்பார்.

"தகாத உறவு", "ஒழுக்கக்கேடு", "ஒருவனுக்கு ஒருத்தி": புருசனிடமிருந்து தொற்றிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவ ஒருத்தனோடு மட்டும்தான் வாழ்ந்தவ. உங்கள் சுவரொட்டி அவவையும் குற்றவாளி ஆக்குகிறது. அதைப் பார்த்த மாமியார் என்ன நினைப்பா?

"வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் அவதானம்": இதையும் ஒரு காலத்தில் எழுதினார்கள். பாதிக் குடும்பம் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கிற எங்கள் ஊரில் இப்படி எழுதினால், சந்தேகம் நேரே வீட்டுக்குள்தான் போய் இருக்கும். ஆணுறை இல்லாத உடலுறவைத்தான் கவனிக்க வேண்டும், கடவுச்சீட்டை அல்ல.

பயம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2016இல் வடமேல் மாகாணத்தில் ஒரு சின்னப் பெடியனுக்கு எச்.ஐ.வி இருப்பதாக வதந்தி கிளம்பியது. பாடசாலைகள் அவனைச் சேர்க்கப் பயந்தன, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அவனுக்குத் தொற்று இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அதே வாங்கில் இருந்து படித்திருக்கலாம். அந்தப் பெற்றோரும் சின்ன வயதில் ஏதோ ஒரு சுவரொட்டியைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார்கள்.

அடுத்தது, நாகரிகமாகச் சொல்வதாக நினைத்து மூடி மறைப்பது. ஒருமுறை "பாதுகாப்பான உறவைப் பேணுங்கள்" என்று தலைப்பு வைத்தோம். திருநெல்வேலியில் ஒரு சலூனுக்குக் கொண்டுபோய், காத்திருந்த ஓட்டோக்கார ஐயாவிடம் காட்டி, "இதில என்ன செய்யச் சொல்லியிருக்கு?" என்று கேட்டோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆறுதலாக வாசித்தார். "சொந்தக்காரரோட சண்டை பிடியாமல் இருக்கச் சொல்லுது போல" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. உறவு என்றால் எங்களுக்குச் சொந்தம்தானே. அன்றைக்கே "ஆணுறை பாவியுங்கள்" என்று மாற்றினோம். குழுவில் இரண்டு பேருக்கு அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடக் கூச்சம். கூச்சம் எங்களுடையது, அதற்கு வாசிப்பவர் விலை கொடுக்கக் கூடாது என்று பேசித் தீர்த்தோம்.

இப்போது எழுதலாம். தலைப்பு ஏழு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் கீழே இரண்டு அல்லது மூன்று சின்ன வசனம். பிறகு எங்கே போவது, எப்போது போவது, யாருக்கு ஃபோன் எடுப்பது. அவ்வளவுதான். உதாரணமாக:

"மனசில ஒரு சந்தேகமா? சோதித்துப் பாருங்கள்.
எச்.ஐ.விக்கு இன்று நல்ல குளிசை இருக்கிறது.
பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.
உங்கள் விபரம் வெளியே போகாது."

கண்டறிய முடியாத அளவு பற்றிய சுவரொட்டிக்கு இப்படி: "குளிசையை ஒழுங்காக எடுக்கிறார். வைரசு அடங்கிவிட்டது. மனைவிக்குப் பரவாது." "கண்டறிய முடியாத அளவு" என்ற சொற்றொடர் தலைப்பில் வரத் தேவையில்லை. அதைக் கீழே சின்ன எழுத்தில் விளக்குங்கள். வைத்தியர் பார்த்துத் திருத்துவதற்கும் அந்த வரி வேண்டும்.

"இப்படிப் பரவாது" என்று பட்டியல் போடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுளம்பு, கோப்பை, முத்தம் என்று படம் போட்டு அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு கீறுவார்கள். ஓட்டமாகப் பார்ப்பவருக்கு நுளம்பும் சிவப்பும்தான் மனதில் பதியும், "இல்லை" பதியாது. அதற்குப் பதிலாக ஒரே பாயில் இருந்து நாலு பேர் சாப்பிடும் படத்தைப் போட்டு, "இவர்களில் ஒருவர் எச்.ஐ.வியுடன் வாழ்கிறார். சேர்ந்தே சாப்பிடுகிறார்கள்" என்று எழுதுங்கள். சொல்ல வந்தது முழுக்க அதில் வந்துவிடும்.

ஐந்தாம் படி: படமும் நிறமும்

உள்ளூர் ஆட்களின் முகத்தைப் போடாதீர்கள். அவர் சம்மதித்தாலும் போடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் யாரை யாருக்குத் தெரியாது? நடிக்க வந்த பிள்ளையைப் "போஸ்டரில இருந்தது உவன்தான்" என்று வருடக்கணக்காகச் சொல்லுவார்கள். கையால் கீறிய படம் நல்லது. கைகள், முதுகுப்புறம், விறாந்தையில் இரண்டு கதிரை, சைக்கிளில் முன்னும் பின்னுமாகப் போகும் இருவர் போதும்.

சிவப்பு நாடா 1991இல் நியூயோர்க் கலைஞர்கள் தொடங்கியது. இன்று உலகமெல்லாம் தெரியும், எங்கள் மாணவர்களுக்கும் தெரியும். மூலையில் அளவாகப் போடலாம். நாடாவைத் தூக்குக் கயிறாக மாற்றிக் கீறும் வழக்கம் பாடசாலைப் போட்டிகளில் இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் காட்டியதைத்தான் அவர்கள் கீறுகிறார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கொடுக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளைச் சட்டகம் வேண்டாம், கண்ணீர் அஞ்சலியோடு கலந்துபோகும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த நிறமும் வேண்டாம். நவம்பர் கடைசி வாரத்தில் ஊரெங்கும் அந்த நிறக் கொடிகள் கட்டி, மக்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்து விளக்கேற்றும் நாட்கள். அந்தத் துயரத்துக்குரிய நிறத்தை அடுத்த நாலு நாளில் வேறொன்றுக்கு எடுப்பது சரியில்லை. கடும் நீலம், பச்சை, வெள்ளை எழுத்து நன்றாக எடுபடும். தவிர, வெயிலில் முதலில் வெளிறுவது மஞ்சளும் சிவப்பும்தான். நீலம் நிற்கும். முக்கியமான எழுத்தைச் சிவப்பில் அச்சடித்துவிட்டு, மாசியில் வந்து பார்த்தால் அது இருக்காது.

ஆறாம் படி: எழுத்தும் அச்சும்

மூன்று மீற்றர் தூரத்திலிருந்து வசதியாக வாசிக்க எழுத்து ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் கூட, அதனால் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். தடித்த எழுத்துருவில் புள்ளி அடைபட்டுப் போகும். ஒரு மாதிரித்தாளை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எட்டிப் போய் நின்று பார்க்காமல் முழுவதையும் அச்சடிக்கச் சொல்லாதீர்கள்.

எங்கள் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. நீங்கள் யூனிகோடில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள், அங்கே பாமினிக்கு மாற்றும்போது ஓர் எழுத்து போய்விடும். ஒருமுறை "பரவாது" என்பது "பரவது" என்று வந்தது. இன்னுமொரு எழுத்து மாறி "பரவுது" என்று வந்திருந்தால் சொன்ன அறிவுரையே தலைகீழாகியிருக்கும். அதனால் எழுத்தைப் படவடிவமாக மாற்றியே கோப்பைக் கொடுங்கள். அச்சுக்கு முந்திய படியைத் தாளில் எடுத்து, இதுவரை அந்தச் சுவரொட்டியைப் பார்க்காத ஒருவரிடம் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. தொலைபேசி இலக்கத்தை ஃபோனில் அழுத்தியே சரிபாருங்கள்.

ஏழாம் படி: ஒட்டுமுன் கேட்டுப் பாருங்கள்

சலூன் கதையை மேலே சொல்லிவிட்டேன். அது தற்செயலாக நடந்ததல்ல, ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது. நீங்கள் நினைத்த ஆட்களில் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: இதில என்ன சொல்லியிருக்கு? என்ன செய்யச் சொல்லியிருக்கு? இது யாருக்கு? இதில ஏதாவது சொல் மனசை நோகடிக்குதா? மூன்றாவது கேள்விக்கு "உது கெட்ட பழக்கம் உள்ள ஆக்களுக்கு" என்று பதில் வந்தால், நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

எச்.ஐ.வியுடன் வாழும் ஒருவரின் கருத்தை எப்படியாவது பெறுங்கள். நேரே தேடிப் போகாதீர்கள். கிளினிக் ஊழியர்களிடம் மாதிரியைக் கொடுத்தால், விருப்பமானவர்களிடம் அவர்கள் காட்டிக் கேட்டுச் சொல்லுவார்கள்.

எட்டாம் படி: அனுமதியும் சரிபார்ப்பும்

மருத்துவத் தகவலை உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஒட்டும் இடம் பற்றியும் நல்ல யோசனை சொல்லுவார்கள். பொது இடமென்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை, தனியார் மதிலென்றால் வீட்டுக்காரர். கோயில் மதிலிலும் தேவாலய மதிலிலும் கேட்காமல் ஒட்டினால், ஊர்ச் சண்டையில் செய்தி காணாமல் போய்விடும்.

இதைவிட முக்கியமான சரிபார்ப்பு ஒன்று இருக்கிறது. பெரியாஸ்பத்திரியின் பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவுக்கு நீங்களே ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். எந்த வாசலால் உள்ளே போக வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் போக முடியுமா என்று பாருங்கள். பயந்து போகிறவருக்கு மிகக் கஷ்டமான இடம் வாசலில் நிற்கும் காவலாளியிடம் "பாலியல் நோய்க் கிளினிக் எங்கை?" என்று கேட்பதுதான். பக்கத்தில் தெரிந்த ஒரு மாமி நிற்பா என்ற பயம். ஒரு சின்ன வழிப்படம் சுவரொட்டியில் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. நான் செய்த திருத்தங்களில் இதற்குத்தான் அதிகம் பேர் நன்றி சொன்னார்கள், அதுவும் வாய்க்குள் முணுமுணுத்தபடி.

ஒன்பதாம் படி: எப்போது, எதில், எங்கே

உலக எயிட்ஸ் தினம் 1988 முதல் டிசம்பர் 1. யாழ்ப்பாணத்துக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆகவே அந்த நாளுக்குத் திறந்த சுவரில் தாள் ஒட்டினால் பசை ஊறிக் கழன்றுபோகும். வெளிச் சுவருக்குச் செய்வதைத் தையிலோ மாசியிலோ ஒட்டுங்கள். டிசம்பருக்குக் கூரைக்குக் கீழே உள்ள இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு நாள்தான் இதைப் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

தாளுக்கு கோதுமை மாப் பசை போதும். கட்டியில்லாமல் காய்ச்சி, சுவரில் ஒருமுறை, தாளின் மேலே ஒருமுறை பூசுங்கள். ஈரமாகும் இடத்துக்கு லமினேற் செய்த தாள் அல்லது ஸ்டிக்கர். பெரிய பனர் செய்யக் காசிருந்தாலும், நான் ஏ3 அளவில் நிறையச் செய்வதையே விரும்புவேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் சந்தியில் எந்தப் பெடியன் நின்று எச்.ஐ.வி பனரை வாசிக்கப் போகிறான்?

அதனால் தனியாக நின்று வாசிக்கக்கூடிய இடங்களைத் தேடுங்கள். கம்பஸ் மலசலகூடக் கதவின் உட்பக்கம் முதலிடம். சலூன் கண்ணாடிக்குப் பக்கம், ஓட்டோ இருக்கைக்கு முன்னால் சாரதியின் முதுகுப்பக்கம், விடுதி மாடிப்படி, மருந்துக் கடையில் காசு கொடுக்கும் மேசை, உடற்பயிற்சி நிலையத்து உடை மாற்றும் அறை. மீனவர் சங்க மண்டபத்தில் ஒட்டுவதென்றால் முதலில் சங்கத் தலைவரோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

பத்தாம் படி: ஒட்டிய பிறகு

சுவரொட்டியின் அடியில் தொலைபேசி இலக்கத்தை எட்டுப் பத்துத் துண்டாகச் செங்குத்தாக அச்சடித்து, கத்தரியால் வெட்டி விடுங்கள். விருப்பமானவர் ஒன்றைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். துண்டில் எச்.ஐ.வி என்ற சொல் வேண்டாம், இலக்கமும் நேரமும் மட்டும் போதும். வீட்டில் அம்மா சட்டை தோய்க்கும்போது எடுத்தாலும் ஏதோ ஓர் இலக்கமாகத்தான் இருக்கும்.

ஒட்டிய அன்றும், பிறகு கிழமைக்கு ஒருமுறையும் அந்த இலக்கத்துக்கு நீங்களே எடுத்துப் பாருங்கள். யாராவது தூக்குகிறார்களா, தூக்கினால் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். துணிந்து எடுத்தவருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டாம் தரம் எடுக்க மாட்டார். கிழிந்த, வெளிறிய தாள்களைக் கழற்றிப் புதிது ஒட்டுங்கள்.

துண்டுகளை எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இடம், திகதி, எத்தனை போயிருக்கிறது. போன முறை சந்தியில் ஒட்டிய பெரிய தாளில் மூன்று கிழமையாக ஒரு துண்டும் குறையவில்லை. ஒரு மலசலகூடக் கதவின் உட்பக்கம் திங்கட்கிழமை பத்துத் துண்டோடு ஒட்டினோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பார்த்தபோது நாலுதான் மிச்சம் இருந்தது.